சேம்பிலை அச்சில் வார்த்த பறவைத் தொட்டி: சில கோடைகள் புழங்கிய பிறகு

கரூரில் புதுவீடு கட்டிக் குடியேறியிருக்கும் தோழி ஒருவர் கேட்டிருக்கிறார்: "உங்க வீட்ல இருக்கிற மாதிரி இலைத் தொட்டி நாங்களும் ஒண்ணு வார்க்கலாமாக்கா? கட்டட வேலையில மிஞ்சின சிமெண்ட் அரை மூட்டை கிடக்கு." போன வாரம்தான் தென்னை மட்டை விழுந்து உடைந்த விளிம்பைப் பூசி முடித்தேன். தொட்டியின் நல்லது கெட்டது எல்லாம் மனதில் சூடாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இன்று காலை அதிலிருந்து கோழி எலும்பை எடுத்துப் போட்ட எரிச்சலும் எழுத்தில் கலந்திருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை பலருக்கும் தெரிந்ததுதான். மணலைக் குவித்து, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, பெரிய சேம்பிலையை நரம்பு மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் கலவையை அப்ப வேண்டும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான செயற்கை மணல்), சலித்தது. கலவை புட்டு மாவைவிடச் சற்று ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் கூடினால் விளிம்பில் வழிந்து மெலிந்துவிடும். நடுவில் ஒன்றரை அங்குல கனம், ஓரத்தில் முக்கால். இடையில் ஒரு துண்டு கோழி வலை (மெல்லிய கம்பி வலை). சேம்புப் பால் பட்டால் கை அரிக்கும், சிமெண்ட் தோலை அரிக்கும், அதனால் கையுறை கட்டாயம். இரண்டு நாள் அசைக்காமல் விட்டுப் புரட்டி, இலையை உரித்து, ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும்.

அவசரக்காரர்கள் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிக்கொண்டே இருக்கும். தொட்டியை நிரப்புவதும் கொட்டுவதுமாக இரண்டு மூன்று வாரம் ஊறவிட்ட பிறகுதான் பறவைகளுக்கு வைக்க வேண்டும். பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம்.

உரித்ததும் உள்ளே தெரியும் இலை நரம்புகளைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். நடு நரம்பு, அதிலிருந்து பிரியும் கிளை நரம்பு, அதற்கும் நடுவே ஓடும் பொடி நரம்பு எல்லாம் அப்படியே பதிந்திருக்கும். அது அழகுக்கு மட்டும் இல்லை, பறவைக்கும் உபயோகம். வழுவழுப்பான பீங்கான் தட்டிலோ பிளாஸ்டிக் பேசினிலோ குருவி இறங்கத் தயங்குவதைக் கவனித்திருப்பீர்கள். கால் வழுக்கும் இடத்தில் அது குளிக்காது. இந்த நரம்புப் பள்ளங்களில் நகம் பிடிக்கும். ஓரத்திலிருந்து நடுவுக்குச் சரிவாக இறங்கும் ஆழம் அடியிலிருந்த மணல் குவியல் கொடுத்தது. ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் இரண்டு அங்குலம். சின்னான் (கொண்டைக்குருவி) ஓரத்திலேயே நின்று முங்கும், மைனா நேராக நடுவுக்குப் போகும். தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்தால் யார் எங்கே நிற்பது என்று கணக்கே கிடையாது, எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கிவிடும்.

இப்போது காக்கைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில் உறையூர்ப் பக்கம். தெருமுனையில் கோழிக்கடை, அடுத்த தெருவில் பரோட்டாக் கடை. எங்கள் மாமியார் தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் மதில் மேல் காக்கைக்குச் சோறு வைப்பவர். அமாவாசை என்றால் வடை பாயசத்தோடு. காய்ந்துபோன எதையும் தண்ணீரில் நனைத்துத் தின்பது காக்கையின் பழக்கம். காய்ந்த பரோட்டா, வடைத்துண்டு, மீன் தலை, கோழிக் குடல், சில நாள் எலியின் பாதி, எல்லாம் நேராக என் தொட்டிக்கு வந்து சேர்கின்றன. நனைத்துத் தின்றுவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. நனையப் போட்டுவிட்டுப் பறந்துவிடும், மத்தியானம் வந்து எடுக்கும், சிலது எடுக்கவே எடுக்காது. கூட்டில் குஞ்சு இருக்கும் மாதங்களில் இது இரண்டு மடங்காகும். குஞ்சுக்கு இளக்கிக் கொடுக்கத்தான் அது நனைக்கிறது என்று எனக்கும் தெரியும். எந்தத் தாயும் செய்வதுதான். ஆனால் வெயிலில் ஒரு மணி நேரம் ஊறிய மீன் தலை அந்தத் தண்ணீரை என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். அதே தண்ணீரில்தான் அடுத்ததாகச் சின்னான் வந்து வாய் வைக்கிறது. அழுகலும் எச்சமும் கலந்த பொதுத் தண்ணீரிலிருந்து ஒரு பறவையின் நோய் இன்னொன்றுக்குப் போகும். உபகாரமாக வைத்த தொட்டியால் உபத்திரவம் வந்துவிடக் கூடாது.

நான் இத்தனை புகழ்ந்த இலை நரம்புதான் இங்கே வினையாகிறது. கொழுப்பும் நாரும் அந்தப் பொடிப் பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மேலோடு கழுவினால் வராது. தேங்காய் நார் போதாது, இரும்பு பிரஷ் போட்டால் நரம்பே தேய்கிறது. பழைய பல்துலக்கி ஒன்றை வைத்துக்கொண்டு நரம்பு நரம்பாகத் தேய்க்கிறேன். தொட்டி ஹாலோ பிளாக் மேல் உட்கார்ந்திருக்கிறது, தூக்கிக் கவிழ்க்கிற கனம் இல்லை அது. கொட்டாங்கச்சியால் இறைத்து, தேய்த்து, மறுபடி ஊற்றி, மறுபடி இறைத்து, ஒவ்வொரு முறையும் முதுகு பேசுகிறது. சோப்பும் போட முடியாது. இறகில் பறவை தடவிக்கொள்ளும் எண்ணெயைச் சோப்பு எடுத்துவிடும். கொஞ்சம் வினிகர் தெளித்துத் தேய்த்து நன்றாக அலசுவதோடு சரி. போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்ததும் வினிகரில்தான் கொஞ்சம் இளகியது. காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதைத்தான் பிடித்து ஊற்றுகிறேன்.

காக்கையைத் தடுக்க என்னென்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். மேலே கம்பி வலைக் கூண்டு வைத்தோம். காக்கை வரவில்லை, மைனாவும் தவிட்டுக்குருவியும் குண்டுக்கரிச்சானும் சேர்ந்து வரவில்லை. எடுத்துவிட்டோம். தண்ணீரை அரை அங்குலமாகக் குறைத்தோம். காக்கை அரை அங்குலத்திலும் நனைத்தது. ஓரளவு பலன் கொடுத்தது ஒன்றுதான்: மாமியார் சோறு வைக்கும் மதில் மேலேயே, சோற்றுக்குப் பக்கத்தில், ஆழமான பழைய அலுமினியச் சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்தது. சோற்றையும் வடையையும் அங்கேயே நனைத்துக்கொள்கிறது. கோழிக்கடைச் சரக்கு மட்டும் இன்னும் இலைத் தொட்டிக்குத்தான் வருகிறது. காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லி மாமியாரிடம் யாரும் பேச மாட்டோம், நானும் பேச விரும்பவில்லை. அந்தச் சோற்றில் அவர் மாமனார், மாமியார், அம்மா எல்லாரும் இருக்கிறார்கள்.

கொசு பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: தினமும் தண்ணீர் மாற்றும் தொட்டியில் புழு வளராது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆனால் கொட்டிவிட்டு ஊற்றினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். டெங்குக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். அது காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வருகிறவர்கள் எங்கள் தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுக் கொட்டத்தான் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் கவலை நியாயமானது.

சரி, இத்தனை திட்டியும் ஏன் உடைந்த விளிம்பைப் பூசினேன்? சொட்டுத் தண்ணீருக்காக.

மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்று வாங்கி, தண்ணீர் கேனில் செருகி, மேலே முருங்கைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டோம். சக்கரத்தைத் திருகிச் சொட்டை வேண்டிய வேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கேன் வெயில் நேரம் முழுவதும் வரும். சும்மா நிற்கும் தண்ணீரைப் பறவை பார்த்தால்தான் வரும், சொட்டும் தண்ணீரைக் கேட்டே வரும். குழாய் நுனி காற்றில் நகர்ந்து பக்கத்துச் செம்பருத்தி இலைகளும் நனையத் தொடங்கியபோதுதான் தேன்சிட்டும் தையல்சிட்டும் வந்தன. இவை எங்கள் தொட்டிக்குள் இறங்கி நான் பார்த்ததே இல்லை. நனைந்த இலைமேல் படுத்து, உடம்பை இலையோடு தேய்த்து, அடுத்த இலைக்குத் தாவி, அப்படியே குளித்து முடிக்கின்றன. கட்டைவிரல் அளவு உடம்பு, அதற்கு ஒரு இலைத் தண்ணீர் போதுமாக இருக்கிறது. இப்போது வேண்டுமென்றே குழாயைச் செம்பருத்திமேல் படும்படி கட்டியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் வலசை வரும் அரசவால் ஈப்பிடிப்பான் குளிக்கும் விதம் வேறு. விளிம்பில் உட்காராது. கிளையிலிருந்து நேராகத் தண்ணீரில் விழுந்து, தொட்டதும் தெரியாமல் எழும்பி, அதே கிளையில் போய் உதறும். மறுபடி விழும். வெள்ளை ஆண் என்றால் அந்த நீள வால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பின்னால் வரும். பொழுது சாயும் நேரத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பின்கதவைத் திறப்பதில்லை. வல்லூறு வரும் நாளில் வேறு எந்தக் குரலும் கேட்காது. அது மட்டும் நடுத்தொட்டியில் வயிறு நனைய நின்று, நிதானமாக, ஒரு பாத்திரம் தேய்த்து முடிக்கும் நேரம் வரை குளித்துவிட்டுப் போகும்.

கத்திரி வெயிலில் மைனா வாயைப் பிளந்துகொண்டு தொண்டை அதிர நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பறவைக்கு வேர்வை கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அந்த இரைப்பிலேயே உடம்புத் தண்ணீர் போய்விடும். அந்த மாதத்தில் தேனீக்களும் வரும். அவை முங்கிச் சாகாமலிருக்க ஓரத்தில் நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள்.

விளிம்பு பூசியதைப் பற்றி: பழைய சிமெண்டில் புதுக் கலவை அவ்வளவு எளிதில் பிடிக்காது. கொத்தனார் சொன்னபடி உடைந்த முகத்தைக் கொத்திவிட்டு, நன்றாக நனைத்து, சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் கலவையை அழுத்தினோம். பிடித்திருக்கிறது. நிறம் மட்டும் ஒட்டாமல் தெரிகிறது. பூசிய பக்கத்தில் நரம்பு கிடையாது, வழவழவென்று இருக்கிறது. அந்த ஒரு பக்கம் கழுவ எவ்வளவு சுலபம் என்பது கையில் தெரிகிறது.

ஆகவே தோழிக்கு என் பதில்: வேண்டாம். இலைத் தொட்டி வார்க்காதீர்கள். எனக்குப் பிடித்த தொட்டி இது, இருந்தும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் தெருவில் கறிக்கடை இருக்கிறது, உங்களுக்கு முதுகுவலியும் இருக்கிறது. குயவரிடம் அகலமான மண் தட்டு இரண்டு வாங்குங்கள், ஆழம் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மண் தட்டில் தண்ணீர் கசிந்து குளிர்ந்தே இருக்கும், கால் வழுக்காது, ஒரு கையால் தூக்கிக் கவிழ்க்கலாம். ஒன்று கழுவிக் காயும்போது மற்றது புழக்கத்தில் இருக்கட்டும். உடைந்தால் நூறு ரூபாயோடு போகும். பூனை பதுங்கப் புதர் இல்லாத இடத்தில், இடுப்பு உயரத்தில், மத்தியான நிழல் விழும்படி வையுங்கள். டிரிப் செட்டை மட்டும் மறக்காமல் வாங்கிவிடுங்கள், பங்குனி பிறப்பதற்குள் கட்டிவிடுங்கள்.