யானை 200-ஆ, 130-ஆ, 85-ஆ? சனிக்கிழமை வகுப்புக்குப் போய் வந்தேன்

பழங்காலப் போர்களில் எத்தனை பேர் சண்டை போட்டார்கள் என்று கணக்கிடக் கற்றுத்தருகிறோம், தமிழில், மூன்று மணி நேரம், 30 வெள்ளி என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சிங்கப்பூர் பிராஸ் பசா பக்கம் ஒரு வாடகை அறை. பணம் வீணில்லை, ஆனால் குறை உண்டு.

நுழைந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கிமு 326, ஜீலம் ஆற்றங்கரை, அலெக்சாண்டரை எதிர்த்த போரஸின் படை. பழைய கிரேக்க, ரோமானிய வரலாற்றாசிரியர்களில் அரியன் 200 யானை என்கிறார், டயோடோரஸ் 130, கர்டியஸ் 85. காலாட்படை புளூட்டார்க் கணக்கில் 20,000, டயோடோரஸிடம் 50,000-க்கு மேல். எல்லாருமே போர் முடிந்து இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியவர்கள். "எல்லாத்தையும் கூட்டி வகுத்துடலாமே சார்" என்றார் ஒரு பையன். "அத்தனை பேரும் ஒரே பழைய ஏட்டைப் பார்த்து எழுதியிருந்தா அது எத்தனை சாட்சி தம்பி?" என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டதும் அறையே கப்சிப்.

அப்புறம் வந்ததுதான் வகுப்பின் உயிர். அலெக்சாண்டர் பாரசீகரோடு மோதிய காகமேலாவில் (கிமு 331) பாரசீகக் காலாட்படை மட்டும் 10 லட்சம் என்று அரியன் எழுதியிருக்கிறார், சரி, நாலு நாலு பேராக நடக்கவிடுங்கள், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் இடைவெளி என்று சொல்லி, தேசிய சேவையில் ராணுவப் பயிற்சி முடித்தவர்களைக் கணக்குப் போடச் சொன்னார். 250 கிலோமீட்டர்! உட்லண்ட்ஸில் கிளம்பினால் தலை மலாக்காவைத் தாண்டியிருக்கும், வால் இன்னும் சோதனைச் சாவடியிலேயே நிற்கும். ஆளுக்கு நாளுக்கு ஒரு கிலோ தானியம் என்று குறைத்து வைத்தாலும் தினமும் 1,000 டன். அதை யார் சுமப்பது, சுமக்கிற மாட்டுக்கு யார் தீனி போடுவது? இதுக்கு மட்டுமே 30 வெள்ளி தரலாம்.

குறை என்னவென்றால், கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமானியரை முறியடித்த கன்னே போரை (கிமு 216) கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். ரோமானியர் தரப்பில் செத்தவர்கள் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்கில் சுமார் 70,000, ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியிடம் 48,000 சொச்சம். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பேசவே இல்லை. ஹன்னிபால் இத்தாலிக்குள் இறங்கியபோது இருந்த 20,000 காலாட்கள், 6,000 குதிரைவீரர்கள் என்ற எண்ணை, ஹன்னிபாலே தென் இத்தாலியின் லாசினியத்தில் வைத்த வெண்கலப் பட்டயத்தில் பார்த்ததாகப் பாலிபியஸ் சொல்கிறார். இவ்வளவு நேரடியான ஆதாரம் கிடைப்பதே அபூர்வம், அதை ஒரே ஸ்லைடில் தள்ளிவிட்டார்கள்.

ஏசி குளிர் வேறு, ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவன் கல்வெட்டுகளில் உள்ள புகழுரையான மெய்க்கீர்த்தி "பலகலம் செலுத்தி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது, அதிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் அடுத்த வகுப்பு என்றார் ஆசிரியர். பதிவு செய்துவிட்டேன்.