நகர மன்றக் கூட்ட வீடியோவுக்கு கேப்ஷன்: எந்த வழி எதுவரை கைகொடுக்கும்?

அமெரிக்காவில் நகர மன்றமும் பள்ளி வாரியமும் நடத்தும் கூட்டங்கள் இப்போது பல ஊர்களில் நேரலையாகவே ஓடுகின்றன. ஓரிரு நாளில் பதிவும் இணையத்துக்கு வந்துவிடுகிறது. சொத்து வரி, பள்ளிப் பேருந்துத் தடம், தெருமுனையில் வரப்போகும் அடுக்குமாடி எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. அந்த வீடியோவைத் திறக்கும் காது கேளாதவருக்குக் கிடைப்பது வாயசைப்பு மட்டும். பார்வையற்றவருக்கோ "இங்கிருந்து இதுவரைக்கும் சாலையை அகலப்படுத்துகிறோம்" என்ற குரல் கேட்கும்; எங்கிருந்து எதுவரை என்பது திரையில் உள்ள வரைபடத்துக்குத்தான் தெரியும்.

இப்படி விட்டுவிடக் கூடாது என்று சட்டம் சொல்லி வெகுகாலம் ஆகிறது. 1990-இல் வந்த ஏடிஏ என்ற மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் இரண்டாம் பிரிவு மாநில அரசுகளுக்கும் உள்ளாட்சிகளுக்கும் உரியது. மற்றவர்களுக்கு ஒரு செய்தி எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேருகிறதோ, அதே தெளிவோடு மாற்றுத்திறனாளிகளுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பது அதன்கீழ் உள்ள பழைய விதி. 2024 ஏப்ரலில் அமெரிக்க நீதித் துறை இதோடு ஒரு தொழில்நுட்ப அளவுகோலையும் சேர்த்தது: இணையத்தில் உள்ளதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வகைசெய்யும் டபிள்யூசிஏஜி 2.1 என்ற வழிகாட்டுநெறி, அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ள ஏஏ நிலை. கூட்ட வீடியோவைப் பொறுத்தவரை அது முக்கியமாகக் கேட்பவை மூன்று. பதிவுக்கு கேப்ஷன், அதாவது பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டுவது வேண்டும், நேரலைக்கும் கேப்ஷன் வேண்டும், பதிவில் கண்ணுக்கு மட்டும் தெரியும் விஷயங்களுக்கு ஒலி விவரணை வேண்டும். 50,000 பேரோ அதற்கு மேலோ வாழும் ஊர்களுக்கு 2026 ஏப்ரல், அதைவிடச் சிறியவற்றுக்கு 2027 ஏப்ரல் என்று, விதி வெளியானபோது கெடு வைத்தார்கள். கெடுவின் தேதி எப்படி மாறினாலும் பழைய விதி அப்படியே நிற்கிறது. கேட்டு வருபவருக்கு ஏற்பாடு செய்துதரும் கடமை இன்றும் உண்டு.

ஊர் நிர்வாகத்தின் முன்னால் உள்ள வழிகளை நான் ஒரே கேள்வியை வைத்து எடைபோடுகிறேன். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நேரம் வரும்போது, காது கேளாத ஒருவர் அதுவரை நடந்ததைப் புரிந்துகொண்டு மைக் முன்னால் வந்து நிற்க முடியுமா? பிறகு பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு மட்டுமான வீடியோ இல்லை இது. ஓட்டெடுப்புக்கு முன்னால் வாய் திறக்கும் உரிமை இதில் அடங்கியிருக்கிறது.

தானியங்கி கேப்ஷன்

பெரும்பாலான ஊர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான். யூடியூபிலும் ஜூமிலும் பொத்தானை அழுத்தினால் எழுத்து ஓடுகிறது, கூடுதல் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல், அதை மறுக்க மாட்டேன். இருபதில் ஒரு சொல்தானே தப்பு, 95 விழுக்காடு சரிதானே என்பார்கள். நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று வைத்தால் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் 18,000 சொற்கள் வரும். அதில் 900 தப்பு.

அந்த 900 எங்கே விழுகின்றன என்பதுதான் என் கவலை. 'அண்ட்', 'தி' போன்ற சொற்களில் விழுந்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் 'கேன்' என்பதற்கும் 'கான்ட்' என்பதற்கும் நடுவே இருப்பது மெல்லிய ஒலி. அது நழுவினால் அனுமதி மறுப்பு அனுமதியாகிவிடும். 'பிஃப்டீன்' 'பிஃப்டி' ஆனால் பதினைந்து அடி ஐம்பது அடியாகிறது. தெருப் பெயர், தீர்மான எண், ஆட்களின் பெயர் எல்லாம் இயந்திரம் தடுக்கி விழும் இடங்கள். நம்மவர் யாராவது எழுந்து பெயர் சொல்லிப் பேசிய பதிவைப் பாருங்கள். மீனாட்சிசுந்தரமோ கார்த்திகேயனோ, அந்தப் பெயர் திரையில் உருப்படியாக வருவது அபூர்வம். தெற்காசிய ஆங்கில உச்சரிப்பும், மேடையில் இருவர் ஒரே நேரத்தில் பேசுவதும் சேர்ந்தால் இன்னும் மோசம். யார் பேசுகிறார் என்ற அடையாளமும் பல நேரம் கிடையாது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? டபிள்யூசிஏஜி இத்தனை விழுக்காடு சரியாக இருந்தால் போதும் என்று எந்த எண்ணும் தரவில்லை. ஆனால் அந்த அளவுகோலை உருவாக்கும் டபிள்யூ3சி அமைப்பின் வழிகாட்டுதல் தெளிவானது: தானாக உருவாகும் கேப்ஷன், முழுக்கச் சரியானது என்று ஓர் ஆள் உறுதி செய்யாதவரை தேவையை நிறைவேற்றாது. யூடியூப் செய்த தவறு என்று ஊர் நிர்வாகம் ஒதுங்கவும் முடியாது. வீடியோ எந்தத் தளத்தில் இருந்தாலும் அதை அங்கே போட்ட ஊர்தான் பொறுப்பு.

இயந்திரம் எழுதி, ஆள் திருத்துவது

பதிவைப் பொறுத்தவரை செலவுக்கும் தரத்துக்கும் பொருந்திவரும் வழி இதுதான். வெளியே கொடுத்தால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டாலர் கணக்கில் முடியும். ஊர்க் கிளார்க் அலுவலகத்திலேயே ஒருவர் உட்கார்ந்து திருத்தலாம். மன்ற உறுப்பினர் பெயரும் தெருப் பெயரும் அவருக்கு அத்துப்படி என்பதால் வெளியாளைவிடச் சரியாகவே வரும். பெயர்ப் பட்டியலை மென்பொருளில் முன்கூட்டியே ஏற்றிவைத்தால் பாதி வேலை குறைகிறது.

ஆனால் என் கேள்விக்கு இதனிடம் பதில் இல்லை. திருத்திய கேப்ஷன் வியாழக்கிழமை வரும், ஓட்டெடுப்போ செவ்வாய்க்கிழமை இரவே முடிந்திருக்கும்.

சில ஊர்களில் "கூட்டக் குறிப்புகளைத்தான் போட்டுவிட்டோமே" என்கிறார்கள். அது கேப்ஷனுக்கு ஈடாகாது. கேப்ஷன் என்றால் பேச்சோடு நேரம் பொருந்தித் திரையில் வரவேண்டும்.

ஆள் உட்கார்ந்து நேரலையில் எழுதுவது

கார்ட் என்று இதைச் சொல்வார்கள். நீதிமன்றங்களில் பார்க்கும் ஸ்டெனோ இயந்திரம்தான். பயிற்சி பெற்றவர் ஒலியசைகளாகத் தட்ட, சில நொடிகளில் அது வாக்கியமாகத் திரையில் விழும். நிமிடத்துக்கு 200 சொற்களைத் தாண்டி எழுதக்கூடியவர்கள் இவர்கள். 'பிஃப்டீன்'தானா என்று சந்தேகம் வந்தால் முன்பின் பேச்சை வைத்துப் புரிந்துகொள்வார்கள். பேசுபவர் மாறினால் பெயர் போடுவார்கள், சிரிப்பொலியையும் கைதட்டலையும் குறிப்பார்கள். நிகழ்ச்சி நிரலை இரண்டு நாள் முன்னால் அனுப்பிவைத்தால் பெயர்களை அகராதியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அந்த எழுத்தோட்டத்தைப் பிரெய்ல் கருவியில் விரலால் தடவிப் படித்து, காதும் கண்ணும் இல்லாத ஒருவர்கூடக் கூட்டத்தைத் தொடரலாம். இந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்த வழியின் மீது பெரிய மதிப்பு.

செலவுதான் தடை. மணிக்கு நூறு டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். 150 டாலர் என்று வைப்போம். மாதம் இரண்டு கூட்டம், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்றால் வருடத்துக்கு 72 மணி நேரம், 10,800 டாலர். நகர மன்றம் ஒன்றுக்கு மட்டும் என்றால் நடுத்தர ஊரின் பட்ஜெட்டில் இது பெரிய தொகை இல்லை. திட்டக் குழு, பூங்காக் குழு, நூலகக் குழு என்று எல்லாவற்றுக்கும் பெருக்கும்போதுதான் கணக்கு கனக்கிறது. தாங்க முடியாத சுமை என்று சொல்லி விலகச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதை அமைப்பின் தலைமைதான் முடிவுசெய்து, கைவசமுள்ள எல்லா நிதியையும் கணக்கில் எடுத்து, காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதற்குப் பிறகும் முடிந்த வேறு ஏற்பாட்டைச் செய்தே ஆகவேண்டும்.

சைகை மொழி வேறு கணக்கு

கேப்ஷன் இருந்தால் சைகை மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பலருக்கு அமெரிக்க சைகை மொழிதான் தாய்மொழி. அதன் இலக்கணம் வேறு. ஆங்கிலம் அவர்களுக்குப் படித்துக் கற்ற இரண்டாம் மொழி. 2020 செப்டம்பரில், வெள்ளை மாளிகையின் கொரோனா செய்தியாளர் சந்திப்புகளில் சைகை மொழிபெயர்ப்பாளரைக் காட்டவேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது இதனால்தான். கேப்ஷன் இருக்கிறதே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. டபிள்யூசிஏஜியின் ஏஏ நிலை சைகை மொழியைக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் ஏடிஏயின் பழைய விதிப்படி, கேட்டு வருபவர் எந்த உதவியை விரும்புகிறாரோ அதற்கே முதலிடம் தரவேண்டும்.

ஒலி விவரணை: தனியாக வாங்குவதா, பேச்சிலேயே சேர்ப்பதா?

கேப்ஷனோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் மறக்கும் பாதி இது. தனியாக விவரணைத் தடம் தயாரிக்கலாம். ஆனால் பேச்சின் இடைவெளிகளில்தான் அதை நுழைக்க முடியும், கூட்டத்தில் அப்படிப்பட்ட இடைவெளி அரிது. விலையும் கேப்ஷனைவிடப் பல மடங்கு.

இங்கே எனக்குத் தயக்கமே இல்லை, பேச்சிலேயே சேர்ப்பதுதான் சரி. திரையில் தெரிவது எல்லாம் பேச்சிலும் வந்துவிட்டால் தனி விவரணை தேவையில்லை. பேசுமுன் பெயரைச் சொல்லவேண்டும். பச்சை, சிவப்பு விளக்கு எரியும் ஓட்டுப் பலகையைக் காட்டிவிட்டு நிறுத்தாமல், யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று வாசிக்கவேண்டும். வரைபடத்தைச் சுட்டும் பொறியாளர் "மேப்பிள் தெருவிலிருந்து ரயில் பாதை வரை" என்று சொல்லவேண்டும். தலைவர் நினைவூட்டிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று கூட்டத்தில் பழகிவிடும், ஒரு டாலர் செலவில்லை. ஸ்கேன் செய்த படமாக இல்லாமல், பார்வையற்றவருக்குக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் படிக்கக்கூடிய நிகழ்ச்சி நிரலும் கூடவே வேண்டும்.

வீடியோவையே எடுத்துவிடுவது

இதுவும் ஒரு வழியாகப் பேசப்படுவதால் சொல்லவேண்டியிருக்கிறது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடங்கள் ஏடிஏயை மீறுகின்றன என்று 2016-இல் நீதித் துறை சொன்னது. 2017-இல் பல்கலைக்கழகம் 20,000-க்கும் மேற்பட்ட வீடியோ, ஒலிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து விலக்கியது. 'மாற்றுத்திறனாளிகள் கேட்டதால் எல்லோருக்கும் போச்சு' என்ற பழி, உரிமை கேட்டவர்கள் தலையில் விழுந்தது. அந்த அநியாயத்தை எந்த ஊரும் திரும்பச் செய்யக் கூடாது.

அதற்குத் தேவையும் இல்லை. 2024 விதியிலேயே பழைய பதிவுகளுக்கு விலக்கு உண்டு. கெடுவுக்கு முன்னால் உருவானதாகவும், குறிப்புக்கோ ஆய்வுக்கோ ஆவணத்துக்கோ மட்டும் வைத்திருப்பதாகவும், பிறகு மாற்றப்படாததாகவும், காப்பகம் என்று குறித்த தனிப் பகுதியில் உள்ளதாகவும் இருந்தால் அதற்கு இந்த அளவுகோல் இல்லை. ஆகவே 2015-ஆம் ஆண்டுக் கூட்டத்தை அழிக்கவேண்டாம், இடம் மாற்றினால் போதும். ஒருவர் அதைக் கேட்டு வந்தால் அவருக்குச் செய்துகொடுக்கவேண்டும்.

சரி, நான் எதை எடுப்பேன்?

நகர மன்றம், பள்ளி வாரியம், திட்டக் குழு மூன்றுக்கும் ஆள் எழுதும் நேரலை கேப்ஷன். அந்த எழுத்தையே கொஞ்சம் சீர்செய்து பதிவில் சேர்த்துவிட்டால் இன்னொரு முறை செலவில்லை. சிறு குழுக்களின் நேரலைக்கு, பெயர்ப் பட்டியல் ஏற்றிய தானியங்கி கேப்ஷனும், வேண்டும் என்று கேட்டு வருபவருக்குக் கார்ட் அல்லது சைகை மொழியும், பதிவுக்கு ஆள் திருத்தியதும். நேரலையில் இயந்திரத்தை மட்டும் நம்புவது ஏஏ நிலையை எட்டிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பணம் சேரும்வரை தாக்குப்பிடிக்கும் ஏற்பாடு அது, அவ்வளவுதான். பேச்சிலேயே விவரணை என்பது அடுத்த கூட்டத்திலேயே தொடங்கவேண்டியது.

உங்கள் ஊரில் இது இல்லையென்றால் கேட்கலாம். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள ஒவ்வொரு உள்ளாட்சியும் ஏடிஏ ஒருங்கிணைப்பாளர் ஒருவரை வைத்திருக்கவேண்டும். எத்தனை நாள் முன்னால் கேட்கவேண்டும் என்ற வரி பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலின் அடியில் இருக்கும். கூட்டத் தேதி, எந்த உருப்படியில் பேச விரும்புகிறீர்கள், கார்ட் வேண்டுமா சைகை மொழி வேண்டுமா, நேரில் வருவீர்களா ஜூமில் வருவீர்களா என்ற நான்கையும் மின்னஞ்சலில் எழுதுங்கள். காது மந்தமான அம்மா அப்பாவுக்காகக் கேட்கிறீர்கள் என்றால், அவர்களுக்கு எந்த அளவு எழுத்து வசதியாக இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.