கொலையாளி தெரிந்த பிறகும் பார்க்க முடிகிறதா: சுழல், விலங்கு, வதந்தி

துப்பறியும் தொடரை முதல் முறை பார்க்கும்போது நாம் அதைச் சரியாகப் பார்ப்பதே இல்லை. யார் செய்தது என்ற ஒரே கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இன்னும் ஒரே ஒரு எபிசோடு என்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மறுநாள் பார்ப்பவர்களிடமெல்லாம் பிரமாதம் என்று சொல்கிறோம். அந்தப் பாராட்டு தொடருக்கு உரியதா, நம்முடைய அவசரத்துக்கு உரியதா என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தெரிகிறது.

எனக்கு அந்த வாய்ப்பு அம்மாவால் கிடைத்தது. முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தங்கினார். இரவு சீரியல்கள் முடிந்ததும் தூக்கம் வராமல் உட்கார்ந்திருப்பார். நான் ஏற்கெனவே பார்த்திருந்த மூன்று தொடர்களை அவருக்காகப் போட்டேன். அவருக்கு முதல் முறை, எனக்கு இரண்டாவது. ஒரே சோபாவில் இப்படி இரண்டு விதமாகப் பார்த்ததில் மூன்றைப் பற்றியும் என் எண்ணம் கொஞ்சம் மாறிவிட்டது.

மூன்றும் 2022இல் வந்தவை. ‘விலங்கு’ பிப்ரவரியில் ஜீ5இல் வந்தது, ஏழு பகுதிகள். ஜூனில் ‘சுழல்’, டிசம்பரில் ‘வதந்தி’. இவை இரண்டும் அமேசான் பிரைமில், எட்டெட்டுப் பகுதிகள். மூன்றிலும் வழக்கை விசாரிப்பவர் ஒரு எஸ்.ஐ. கதை எழுதுகிறவர்களுக்கு இது நல்ல பதவி. மேலே இன்ஸ்பெக்டரும் டி.எஸ்.பி.யும், கீழே ஏட்டும் கான்ஸ்டபிளும். மேலே இருப்பவரிடம் திட்டு வாங்க வேண்டும், கீழே இருப்பவரிடம் வேலை வாங்க வேண்டும், நடுவில் ஊர்க்காரர்களின் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டும். இந்த நெருக்கடியை ஒவ்வொரு தொடரும் எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதிலிருந்தே ஒப்பீட்டைத் தொடங்கலாம்.

இதில் ‘விலங்கு’ பக்கத்தில் மற்ற இரண்டும் வர முடியாது. பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கியது. திருச்சிப் பக்கம் வேம்பூர் என்ற ஊரின் காவல் நிலையம். எஸ்.ஐ. பரிதியாக விமல். மனைவி பிரசவத்துக்காக மருத்துவமனையில் இருக்கும் நேரத்தில் காட்டுப் பகுதியில் அழுகிய பிணம் ஒன்று கிடைக்கிறது. அதற்குக் காவல் போடுகிறார்கள். விடிந்து பார்த்தால் தலையைக் காணோம். வழக்கு என்னவாகும் என்பதைவிட, மேலதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம்தான் அந்த ஸ்டேஷனை முதலில் பிடிக்கிறது. அந்தப் பயத்தின் உண்மைதான் தொடரின் பலம். நம்மூர் ஸ்டேஷனுக்குள் ஒருமுறையாவது மனுவோடு போய் பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு அந்தச் சூழல் உடனே தெரிந்துவிடும்.

முதல் முறை பார்த்தபோது முனிஷ்காந்த், பால சரவணன் வரும் இடங்களைச் சிரிப்புக்கான இடைவெளி என்று நினைத்திருந்தேன். இரண்டாம் முறைதான் புரிந்தது, கதையே அங்கேதான் இருக்கிறது. தூங்காத கண்ணோடு அவர்கள் பேசும் பேச்சு, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காமல் சமாளிப்பது, யார் தலையில் பழி விழும் என்ற கணக்கு எல்லாமே கொலையாளியின் பெயர் தெரிந்த பிறகும் சுவை குறையாமல் இருக்கின்றன. இரண்டு பேரையும் நகைச்சுவை நடிகர்கள் என்றே நாம் பழகிவிட்டோம். இங்கே அவர்கள் அந்தப் பழக்கத்தை மெல்லத் தாண்டுகிறார்கள். தலைப்பையும் இரண்டாம் முறைதான் முழுதாக ரசித்தேன். கையில் மாட்டும் விலங்கு ஒன்று, காட்டில் திரியும் விலங்கு ஒன்று. எது யாருக்கு என்பது கடைசியில் தெரியும்.

ஆனால் ‘விலங்கு’ பார்ப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. விசாரணை என்ற பெயரில் அடிக்கும் காட்சிகள் வருகின்றன. ஸ்டேஷன் வாழ்க்கையின் இன்னொரு நடைமுறை என்பதுபோல அவை கடந்துபோகின்றன. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் கொடூரமாகத் தாக்கப்பட்டு அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் யாராலும் இப்படிப்பட்ட காட்சியைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியாது. பரிதியை நமக்குப் பிடிக்க வைத்துவிட்டு அவருடைய ஸ்டேஷனில் இது நடக்கும்போது, கதை கொஞ்சம் நின்று கேள்வி கேட்டிருக்க வேண்டும். அந்த இடங்களில் அம்மா பேசாமல் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

‘சுழல்’ வேறு அளவில் எழுப்பப்பட்டது. புஷ்கர்–காயத்ரி எழுதியது, பிரம்மாவும் அனுசரணும் பிரித்து இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை ஊர். சிமென்ட் ஆலைத் தொழிலாளர் போராட்டம், ஆலை தீப்பற்றி எரியும் இரவு, அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போவது. கூடவே ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா ஒவ்வொரு நாளாக நகர்கிறது.

மயானக் கொள்ளை என்றால் நமக்கு முதலில் நினைவு வருவது மேல்மலையனூர். மாசி மாதம், சிவராத்திரிக்கு மறுநாள் அமாவாசை, அங்காளம்மன் மயானத்துக்குப் போவது, வேடம் கட்டியவர்களின் ஆவேசம். வட மாவட்டங்களில் பிறந்தவர்களுக்கு இது சிறுவயது ஞாபகம். தொடரில் இது வெறும் பின்னணி இல்லை. அம்மன் எதற்காக மயானத்துக்குப் போகிறாள் என்பதும், அந்த வீட்டுப் பெண்கள் எதைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள் என்பதும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. முதல் முறை எனக்கு அது அழகான படப்பிடிப்பாக மட்டுமே பட்டது. முடிவு தெரிந்து பார்க்கும்போது ஒவ்வொரு நாள் சடங்கும் முன்கூட்டியே ஏதோ சொல்லியிருக்கிறது என்று தெரிந்து கொஞ்சம் நடுங்கிவிட்டேன்.

நடிப்பில் என் கண் இரண்டு முறையும் ஸ்ரேயா ரெட்டி மீதுதான் இருந்தது. இன்ஸ்பெக்டர் ரெஜினா. சண்முகமாக வரும் பார்த்திபனோடு அவருக்கு ஆலை விவகாரத்தில் மோதல். காணாமல் போன பெண்ணைத் தேடும் வழக்கு ஒரு கட்டத்தில் அவர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. சீருடை போட்ட அம்மா எப்படி இருப்பார் என்று கேட்டால் இவரைக் காட்டலாம். கதிர் நடித்த எஸ்.ஐ. சக்கரை இவர் கையில் வளர்ந்தவர் போல இருக்கிறார். மேலதிகாரி மீது மரியாதை, கூடவே சந்தேகம், இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்கிற வேலை கதிருக்கு. ஐஸ்வர்யா ராஜேஷ் அக்கா நந்தினியாக வருகிறார். முதல் முறை அவர் ஏன் இவ்வளவு அடங்கி நடிக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை அந்தக் கேள்வி வரவில்லை.

இரண்டாம் முறையில் இளைத்துப்போகும் இடங்களும் ‘சுழலில்’ உண்டு. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் புதிதாக ஒருவர் மீது சந்தேகத்தைத் திருப்பிவிடுகிறார்கள். முடிவு தெரிந்தவனுக்கு அவற்றில் பாதி வீண் சுற்று. அம்மாவோ ஒவ்வொரு ஆளையும் இவன்தான், இவன்தான் என்று காட்டி மிகவும் மகிழ்ச்சியாக இருந்தார். ஆகவே முதல் முறை பார்ப்பவருக்கு இதைப்போல விறுவிறுப்பான தொடர் மூன்றில் வேறில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ‘வதந்தி’. ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கியது, தயாரிப்பு அதே புஷ்கர்–காயத்ரி. களம் கன்னியாகுமரி மாவட்டம். வெலோனி என்ற ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் உடல் கிடைக்கிறது. முதலில் இறந்தது ஒரு நடிகை என்று செய்தி பரவுகிறது. அது பொய் என்று தெரிந்ததும் ஊரும் ஊடகமும் அடுத்த கதைக்குத் தாவுகின்றன. அவள் யாரோடு பழகினாள், எப்படி உடுத்தினாள், தாய் எப்படிப்பட்டவள். ஆளுக்கொரு வெலோனி. எஸ்.ஐ. விவேக்காக வரும் எஸ்.ஜே. சூர்யாவுக்கு இது முதல் வலைத்தொடர். நாம் அவரிடம் எதிர்பார்க்கும் சத்தமெல்லாம் அடங்கி, ஒரு வழக்கு மனிதனை உள்ளிருந்து அரிப்பதைக் காட்டுகிறார். வெலோனியாக சஞ்சனா. ஒரே பெண்ணை ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒவ்வொரு விதமாக நடித்துக் காட்ட வேண்டிய சுமை அவருக்கு. தாய் ரூபியாக லைலா, லாட்ஜ் நடத்தும் பெண். நீண்ட இடைவெளிக்குப் பிறகு அந்த ஆண்டுதான் அவர் மீண்டும் நடிக்க வந்திருந்தார்.

மூன்றிலும் இரண்டாம் முறை பார்க்கும்போது அதிகமாக வலித்தது இதுதான். முதல் முறை ஒவ்வொரு வதந்தியையும் நாமும் தடயமாக எடுத்துக்கொள்கிறோம். ஓ, அப்படிப்பட்ட பெண்ணா என்று ஒரு கணம் நாமும் நினைக்கிறோம். உண்மை தெரிந்த பிறகு பார்த்தால், யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்லும் ஒவ்வொரு காட்சியும் அறை வாங்கியதுபோல இருக்கிறது. நாசர் ஏற்ற எழுத்தாளர் பாத்திரத்தை முதல் முறை கௌரவமான மனிதர் என்று பார்த்தேன். இரண்டாம் முறை அவர் பேனாவை எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது.

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்த ஒரு அக்கா கிணற்றில் விழுந்து இறந்துபோனார். ஒரு வாரத்தில் அதற்கு நான்கு காரணங்கள் கிளம்பிவிட்டன. எல்லாக் காரணமும் அந்த அக்காவின் நடத்தையைப் பற்றியதுதான். ‘வதந்தி’ ஐந்தாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா நிறுத்தச் சொன்னார். அந்த அக்காவின் பெயரைச் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். “குழாயடியில நானும்தான்டா பேசினேன்” என்றார். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை.

இவ்வளவு சொன்னாலும் ‘வதந்தி’ நீளம். எட்டுப் பகுதி தேவையில்லை, ஆறு போதும். நடுவில் விவேக் அதே தவிப்போடு அதே மாதிரி ஆட்களைத் திரும்பத் திரும்பத் துரத்துகிறார். மூன்றாம், ஆறாம் பகுதிகளில் இரண்டு முறையும் என் கை மொபைலுக்குப் போனது.

இன்னொரு ஒப்பீடு, வீடு. மூன்று எஸ்.ஐ.க்களுக்கும் வீட்டில் ஒரு பெண் காத்திருக்கிறாள். பரிதிக்குப் பிரசவ வலியில் இருக்கும் மனைவி, சக்கரைக்குக் கல்யாணம் நிச்சயமான லட்சுமி, விவேக்குக்கு ஸ்ம்ருதி வெங்கட் நடித்த மனைவி. ‘விலங்கில்’ இனியா வரும் காட்சிகள் கணவனின் நெருக்கடியைக் கூட்டுவதற்கு மேல் போவதில்லை. ‘சுழலில்’ லட்சுமியை எழுதியவர்கள் பாதியில் மறந்துவிட்டார்களோ என்று தோன்றுகிறது. ‘வதந்தி’தான் அந்தப் பெண்ணுக்குக் கோபப்பட இடம் கொடுக்கிறது. செத்துப்போன ஒரு பெண்ணுக்காக உயிரோடு இருக்கும் மனைவியை மறந்த மனிதனிடம் அவள் பேசும் பேச்சில் நியாயம் இருக்கிறது, தொடருக்கும் அது தெரிந்திருக்கிறது.

இசையில் எனக்குப் பெரிய தேர்ச்சி இல்லை. சாம் சி.எஸ். ‘சுழலுக்கு’ச் செய்தது திருவிழாவோடு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

எது உசத்தி என்று கேட்டால், வேலைப்பாட்டில் ‘விலங்கு’. ஏழு பகுதியில் வளர்த்தாமல் முடிகிறது, மனிதர்கள் மனிதர்களாக இருக்கிறார்கள், அந்த அடிதடி உறுத்தலோடுதான் இதைச் சொல்கிறேன். ஒரே ஒரு முறைதான் பார்க்கப்போகிறீர்கள், பரபரப்பு வேண்டும் என்றால் ‘சுழல்’. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள். சிறுவயதில் பட்ட காயம்தான் அந்தக் கதையின் அடிநாதம், அதை லேசாகச் சொல்லவில்லை. ‘வதந்தி’யைத் தனியாகப் பார்க்காமல் வீட்டில் வயதில் மூத்த ஒருவரோடு பாருங்கள் என்பேன். பேச வேண்டியது நிறைய வரும்.

கொலையே வேண்டாம், பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க ஏதாவது சொல் என்று என் அக்கா கேட்டாள். அவளுக்கு ஜீ5இல் ‘அயலி’யைச் சொன்னேன். 2023 குடியரசு தினத்தன்று வந்தது, முத்துக்குமார் இயக்கம். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் ஊரில், டாக்டராக வேண்டும் என்பதற்காக ஒரு சிறுமி தான் வயதுக்கு வந்ததையே மறைக்கும் கதை. அபி நட்சத்திராவும் அம்மாவாக வரும் அனுமோளும் அதில் இழைந்திருப்பதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

‘சுழல்’ இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரி கடைசியில் வந்தது. கடலோரக் காளிபட்டினம், அஷ்டகாளித் திருவிழா. குலசேகரப்பட்டினம் தசரா பார்த்தவர்களுக்கு அந்த வேடங்கள் பழக்கப்பட்டவையாக இருக்கும். முதல் பாகத்தின் அழுத்தம் எனக்கு அதில் கிடைக்கவில்லை, பாத்திரங்கள் கூட்டமாகிவிட்டன. ஆனால் நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அம்மா அடுத்த சோதனைக்குத் தை மாதம் வருகிறார், அவருக்காக அதை எடுத்து வைத்திருக்கிறேன்.