பைப் வெல்டருக்கான டெஸ்டில் 6ஜி பொசிஷன் ஒன்றே போதுமா, 2ஜியும் 5ஜியும் தனித்தனியாகவா?

வெல்டர் தகுதிக்கான அமெரிக்க விதிநூலான ஏஎஸ்எம்இ செக்‌ஷன் 9 கணக்கில் இரண்டு வழியும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேரும்: வெல்டருக்கு எல்லா பொசிஷனிலும் தகுதி. ஆனால் செலவும் சிரமமும் ஒன்றல்ல.

2ஜியில் பைப் செங்குத்தாக நிற்கும், ஜாயின்ட் கிடைமட்டமாகச் சுற்றி ஓடும். இதில் மட்டும் பாஸானால் ஃபிளாட், ஹாரிசான்டலோடு சரி. 5ஜியில் பைப் படுத்திருக்கும், உருட்டக் கூடாது. அடியில் ஓவர்ஹெட், பக்கவாட்டில் வெர்டிகல், உச்சியில் ஃபிளாட் எல்லாம் வந்துவிடும். ஹாரிசான்டல் மட்டும் வராது.

6ஜியில் பைப் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். படுத்தும் பாடு இங்கேதான். உருகிய குழம்பு ஜாயின்டின் கீழ் விளிம்புக்கே சரியப் பார்க்கும். அசந்தால் மேல் விளிம்பில் அண்டர்கட், அதாவது ஓரம் அரித்த பள்ளம். அடிப்பக்கத்தில் ரூட் (முதலில் போடும் உள் லேயர்) உள்ளே புடைப்பதற்குப் பதில் குழிந்துவிடும். சுற்றிவரும் வழியெல்லாம் கைக்கோணம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

செலவில் 6ஜிதான் லாபம்: ஒரு டெஸ்ட் பீஸ், நான்கு பெண்ட் (வெட்டியெடுத்த பட்டையை வளைத்துப் பார்க்கும் சோதனை). 2ஜி, 5ஜி என்று பிரித்து டெஸ்ட் எழுதினால் இரண்டு பீஸ், ஆறு பெண்ட். ஆனால் பெண்டில் விழுந்து உடனே மறுபடி எழுதினால், விழுந்த பொசிஷனுக்கு அடுத்தடுத்து இரண்டு பீஸ் பாஸாக வேண்டும். பிரித்து எழுதியவருக்கு, பாஸான மற்ற பொசிஷன் கையில் நிற்கும். அதனால் கை பழகாதவரை நேராக 6ஜிக்கு அனுப்ப மாட்டேன். படுத்த லைன் மட்டும்தான் வேலை என்றால் 5ஜியே போதும், வீண் ஜம்பம் வேண்டாம்.

அப்புறம், "6ஜி பாஸ்" என்றாலே எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பொசிஷன் அடங்கும், அவ்வளவுதான். 6 இஞ்ச் பைப்பில் டெஸ்ட் கொடுத்தவர் 73 மிமீ வெளிவிட்டத்துக்குக் கீழே தொட முடியாது. 2 இஞ்ச் பைப்பில் கொடுத்தால் 25 மிமீ வரை இறங்கலாம், மேலே வரம்பே இல்லை. கனத்துக்கு வேறு கணக்கு. மூன்று லேயருக்குக் குறையாமல் 13 மிமீ போட்டிருந்தால் வரம்பில்லை. குறைந்தால் போட்டதில் இரண்டு மடங்கு. அதுவும் புராசஸ் வாரியாக: டிக்கில் (டங்ஸ்டன் ஆர்க் வெல்டிங்) 3 மிமீ ரூட் மட்டும் போட்டவருக்கு டிக்கில் 6 மிமீதான். ஒரே டெஸ்டில் விட்டமும் கனமும் இரண்டும் வேண்டுமென்றால் 2 இஞ்சில் மிகத் தடித்த சுவருள்ள டபுள் எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங் பைப் எடுத்தாலும் சுவர் 11 மிமீதான், 13 எட்டாது.

இன்னொன்று: டிக் ரூட்டுக்கு மேல் 7018 வெல்டிங் ராடு ஓட்டி பாஸானவர், ஓப்பன் ரூட்டையே (பின்னால் தாங்கல் இல்லாத ரூட்) 7018இல் போட வந்தால் அதற்குத் தனி டெஸ்ட்.