1,350 ரூபாய்க்கு வாங்கிய தார்ச்சாலை

மும்பை போரிவலியில் இருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் "ஒருநாள் காட்டு நடை" என்று உங்கள் வாட்ஸாப் குழுவில் யாராவது விளம்பரம் போட்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பிய பிறகுதான் யோசித்தேன்.

விளம்பரம் வந்தது செம்பூர்த் தமிழர்கள் இருக்கும் ஒரு குழுவில். ஷிலோண்டா பாதையில் நடை, வனத்துறை அனுமதி, பயிற்சி பெற்ற வழிகாட்டி, காலைச் சிற்றுண்டி, முதலுதவிப் பெட்டி, நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,350 ரூபாய். ஷிலோண்டா, பூங்காவுக்குள் முன்அனுமதி இல்லாமல் போக முடியாத பாதை. ஓடையும் மரங்களுமாக நல்ல இடம் என்று அலுவலகத்தில் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொலைபேசியில் பேசிய இளைஞர் சுத்தமான தமிழில் பேசினார். "கவலைப்படாதீர்கள் அண்ணா, உங்கள் வீட்டுப் பெரியவரை நான் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன்" என்றார். மும்பையில் இருபது வருடம் இருந்தும் தமிழ்க் குரல் கேட்டால் சட்டைப்பை தானாகத் திறந்துகொள்ளும் வியாதி எனக்கு இன்னும் போகவில்லை. நான், மனைவி, பதினொரு வயது மகன், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த மாமனார் என்று நான்கு பேருக்கு 5,400 ரூபாய் அன்றைக்கே அனுப்பிவிட்டேன். ரசீது கேட்கவில்லை. அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லவுமில்லை.

அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை. செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவிலும் தாதரிலும் மாறி, காலை ஏழு மணிக்குள் பூங்கா வாசலில் நின்றோம். எங்களைப் போலவே இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். ஏற்பாட்டாளர் வந்தது எட்டேகாலுக்கு. பயிற்சி பெற்ற வழிகாட்டி என்று அவர் கூட்டி வந்தது ஒரு கல்லூரி மாணவனை. சிற்றுண்டி, ஆளுக்கு ஒரு ஆறிப்போன வடாபாவ். நுழைவுச் சீட்டை அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். "எல்லாம் சேர்த்துத்தானே சொன்னீர்கள்?" என்று கேட்டதற்கு, "அது பழைய விலை அண்ணா" என்றார். நான்கு நாளில் விலை பழசாகிவிட்டதாம்.

உள்ளே சற்றுத் தூரம் நடந்து, ஷிலோண்டா பக்கம் திரும்பும் இடத்தில் வனக் காவலர் நிறுத்தினார். ஏற்பாட்டாளர் தன் கைபேசியில் ஒரு கடிதத்தைக் காட்டினார். காவலர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மராத்தியில் பொறுமையாகச் சொன்னார்: கடிதம் போன வருடத்தது, அதில் இருப்பது ஏதோ ஒரு கல்லூரிக் குழுவின் பெயர். அந்தக் காவலரை நான் குறை சொல்லமாட்டேன். அன்று எங்களிடம் ஒழுங்காக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

"அப்படியானால் இதைவிட நல்ல பாதை ஒன்று இருக்கிறது" என்று ஏற்பாட்டாளர் எங்களைத் திருப்பி அழைத்துப் போனது, வாசலிலிருந்து கன்ஹேரி குகைகளுக்குப் போகும் தார்ச்சாலைக்கு. ஏறக்குறைய 6 கிலோமீட்டர். நுழைவுச் சீட்டு எடுத்த யாரும் போகலாம். நடப்பவர்கள், ஓடுபவர்கள், வாடகைச் சைக்கிள் பிள்ளைகள், குகைக்கு ஆளேற்றிப் போகும் வண்டிகள் என்று எல்லோருக்கும் பொதுவான சாலை. மாமனார் பாபநாசம் மலையில் ஏறி இறங்கிய மனிதர். ஒரு கிலோமீட்டர் வரை பேசாமல் வந்தவர், "மாப்பிள்ளை, இதை எங்கள் ஊரில் ரோடு என்றுதான் சொல்வார்கள்" என்றார்.

இப்படிப் பலரும் பயன்படுத்தும் சாலையில் ஒரு கூட்டத்தை எப்படி நடத்திப் போவது என்றுகூட அந்த வழிகாட்டிப் பையனுக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு பேரும் சாலையின் முழு அகலத்துக்கும் பரவி நடந்தோம். எதிரே வருவது கண்ணில் படும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்ல ஒரு வாய் போதும். வளைவில் இறக்கத்தில் வேகமாக வந்த சைக்கிளின் கைப்பிடி என் மனைவியின் முழங்கையில் இடித்துத் தோல் கிழிந்தது. ஓட்டி வந்த பையன் பாவம், அழுதே விட்டான். முதலுதவிப் பெட்டி எங்கே என்றால், அது வேறு குழுவோடு போயிருக்கிறதாம். காலை நடைக்கு வந்த ஒரு மராத்திய அம்மாள்தான் தன் பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டார்.

சிறுத்தைக் கதை தனி. பூங்காவில் சிறுத்தைகள் இருப்பது உண்மை. அதை வைத்து இவர்கள் செய்வது வியாபாரம். சாலையோரச் சேற்றில் ஒரு தடத்தைக் காட்டி, "நேற்று இரவு சிறுத்தை கடந்திருக்கிறது" என்றான் வழிகாட்டி. எல்லோரும் படம் எடுத்தார்கள். என் மகன் குனிந்து பார்த்துவிட்டு, "இதில் நகம் பதிந்திருக்கிறதே! சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இது நாய்" என்றான். அதற்குப் பிறகு வழிகாட்டி அவனிடம் பேசவே இல்லை.

கன்ஹேரியில் தொல்லியல் துறையின் சீட்டு தனி, இந்தியர்களுக்கு 25 ரூபாய். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. ஏற்பாட்டாளரோ என் மகனுக்கும் சேர்த்து வசூலித்தார். அந்தக் காசை மட்டும் அங்கேயே நின்று திரும்ப வாங்கினேன். அன்றைய என் ஒரே வெற்றி. குகைகளைப் பாண்டவர்கள் குடைந்தார்கள் என்று வழிகாட்டி விளக்கினான். நூற்றுக்கும் மேற்பட்ட அந்தக் குகைகள் பௌத்தத் துறவிகள் கருங்கல்லில் குடைந்து, பல நூற்றாண்டுகள் தங்கிய விகாரைகள். மழைநீரைப் பிடித்து வைக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகளை மாமனார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் எண் குகையின் பெரிய மண்டபமும், வாசலில் நிற்கும் நெடிய புத்தர் சிலைகளும் இல்லாவிட்டால் அந்த நாள் முழு நஷ்டம். வீட்டிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப்பொடி இட்லியைக் குரங்கு பறித்துக்கொண்டதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

ஷிலோண்டா போக விரும்புகிறவர்கள் பூங்கா வாசலுக்கு அருகிலேயே இருக்கும் இயற்கைத் தகவல் மையத்தில் நேரடியாகக் கேளுங்கள். இடைத்தரகர் வழியாகத்தான் போவீர்கள் என்றால், பணத்துக்கு முன் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். அதில் உங்கள் தேதியும் குழுவின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். "அங்கே போய்க் காட்டுகிறேன்" என்றால் விட்டுவிடுங்கள். கன்ஹேரி சாலையில் நடக்க, நுழைவுச் சீட்டைத் தவிர, யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, அன்றைக்கு நடைக்கு வரச் சொல்லி அழைக்கிறவரிடம் அந்தத் தொலைபேசி உரையாடலையும் முடித்துக்கொள்ளலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அடுத்த நடைக்குப் பாதி விலை தருகிறேன் என்று ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

நேற்று அதே குழுவில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான விளம்பரம் வந்தது. விலை இப்போது 1,499. மேலே ஒரு படம், கன்ஹேரிப் படிகளில் சிரித்துக்கொண்டிருக்கும் குழு. இடது ஓரத்தில், சிரிக்காமல் நிற்கும் சிறுவன் என் மகன்.