ஏற்காட்டில் பழைய ஸ்டில் வாங்குகிறவர்கள் முதலில் பிரேமைக் கழற்றச் சொல்லுங்கள்

போன மே மாதம் கோடை விழா சமயம். ஏற்காட்டில் ஒரு விடுதியின் கீழ்த்தள அறையில் பழைய கறுப்பு வெள்ளை சினிமா ஸ்டில்களை, அதாவது படப்பிடிப்பில் எடுத்த போட்டோக்களை, பரப்பி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். ஐந்து படம் வாங்கினேன், 45,000 ரூபாய். அதில் ஒன்றுகூட அவர் சொன்ன படம் இல்லை. இந்த விழாவுக்கும் அவர் அறை எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

எனக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. பன்னிரண்டு வருஷமாகப் பழைய போட்டோ பிரிண்டுகள் சேர்க்கிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டில் என்றால் எனக்கு உயிர். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ. இன்று ஏற்காடு சாலையில் போகிறவர் கண்ணில் படுவது அதன் முகப்பு வளைவு மட்டும்தான். எங்கே விளக்கு வைத்தார்கள், கேமராவுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதெல்லாம் இந்தத் துண்டுக் காகிதங்களில்தான் மிச்சம். அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“எங்க தாத்தா அங்க ஸ்டில்ஸ் எடுத்தவருங்க அண்ணா. 1940-கள்ல அவரே டார்க்ரூம்ல போட்ட பிரிண்டுங்க” என்றார் விற்றவர். பிரேமைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். “பிரிச்சா இந்த மலை ஈரம் உள்ள ஏறிடும்ங்க, அப்புறம் பூஞ்சை பிடிச்சா என்னைச் சொல்லக் கூடாது.” பின்பக்கம் பழுப்பு டேப் ஒட்டி மூடியிருந்தது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப், அதாவது சின்ன பூதக்கண்ணாடி, கையில் இருந்தது, கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். அறையின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சொன்ன ஈரக் கதை பாதி உண்மை என்பதால் நம்பிவிட்டேன். ஏற்காட்டில் பூஞ்சை பிடிக்கும்தான். ஆனால் பத்து நிமிஷம் பிரித்துப் பார்ப்பதால் பிடிக்காது.

பத்து நாள் கழித்து அம்மாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷம் போட்டோ கழுவும் டார்க்ரூமில் நின்றவர். டேப்பைக் கிழித்து முதல் படத்தை எடுத்தார், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். “தம்பி, இது தண்ணியில நனைஞ்ச பிரிண்டே இல்லை” என்றார்.

ஜன்னலோரம் வைத்து லூப்பில் பார்த்தேன். நடிகையின் கன்னத்தில், வெளிச்சம் நிழலாக மாறும் இடத்தில், பொடிப்பொடியாக நீலமும் சிவப்புமாகப் புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படத்தில் கலர் மை. டார்க்ரூமில் வெள்ளி உப்புப் பூசிய பேப்பரில் போடும் சில்வர் ஜெலட்டின் பிரிண்டில் புள்ளியே இருக்காது, சாம்பல் நிறம் புகை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கரையும். இப்படி மூன்று படம் இன்க்ஜெட், அதாவது கம்ப்யூட்டர் பிரிண்டரில் மை தெளித்துப் போட்டவை. ஓரத்துப் பழுப்பு டீத்தண்ணீர் வேலை. உண்மையில் பல வருஷம், பிரேமுக்குள் படத்தின் ஓரத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டைக்குள் இருந்த படத்தில் அட்டை மறைத்த இடம் ஒரு நிறமாகவும் வெளிச்சம் பட்ட இடம் வேறு நிறமாகவும் இருக்கும், நடுவே கோடு தெரியும். இதில் மூலைக்கு மூலை ஒரே பழுப்பு.

மீதி இரண்டும் நிஜமான வெள்ளிப் பிரிண்ட். கொஞ்சம் மூச்சு வந்தது. பெரியவர் கதவைச் சாத்திவிட்டு, ரூபாய் நோட்டு பார்க்கும் யூவி விளக்கைப் போட்டார். படத்தின் பின்பக்கம் பளீரென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. இப்படி ஒளிர்வது காகிதத்தை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ஒரு ரசாயனம். அதை போட்டோ பேப்பரில் சேர்க்கத் தொடங்கியதே 1950-களில்தான். அப்படியென்றால் 1940-களில் போட்ட பிரிண்ட் என்பது பொய். அமெரிக்க போட்டோகிராபர் லூயிஸ் ஹைன் 1940-ல் இறந்தவர். அவர் காலத்துப் பிரிண்ட் என்று பெரிய விலைக்குப் போன சில படங்களையும் இதே ஒளிர்வுதான் காட்டிக்கொடுத்தது. ஒளிராவிட்டால் பழசு என்று அர்த்தம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ரசாயனம் சேர்க்காத பேப்பர் இன்றும் கிடைக்கிறது.

பழைய நெகட்டிவில் புதிதாகப் பிரிண்ட் போடுவது தப்பே இல்லை. நானே அப்படி வாங்கி வைத்திருக்கிறேன். பின்னால் பென்சிலில் எந்த வருஷம் போட்டது என்று எழுதி, அதற்கேற்ற விலை சொன்னால் போதும். நெகட்டிவின் வயதைச் சொல்லிப் பிரிண்டை விற்பதுதான் மோசடி.

விற்றவருக்குப் போன் செய்தேன். “பில்லைப் பாருங்க அண்ணா” என்றார். எடுத்துப் பார்த்தேன். ‘அலங்காரப் படம், பிரேமுடன் – 5’ என்று மட்டும் எழுதியிருந்தது. வருஷம் இல்லை, சில்வர் ஜெலட்டின் என்ற வார்த்தை இல்லை, மாடர்ன் தியேட்டர்ஸ் என்றுகூட இல்லை. வாயால் சொன்னதில் ஒரு வரியும் காகிதத்தில் ஏறவில்லை. நீங்கள் வாங்கினால் எந்த முறையில் போட்ட பிரிண்ட், எந்த வருஷம் போட்டது, இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவரிடம் வேறு யாராவது வாங்கியிருந்தால் இன்று இரவே பின்பக்க டேப்பைக் கிழித்து, ஒரு யூவி டார்ச் அடித்துப் பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். பில்லையும் பிரேமையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.