பழைய குவாட் பைக் இன்ஜினை வீட்லயே பிரிச்சு கட்டி ஓட்டிட்டு இருக்கேன் – எது தாங்குச்சு, எது வீண் செலவு

ரிசல்ட்ட முதல்லயே சொல்லிடுறேன், வண்டி நல்லா ஓடுது. புகை இல்ல, ஆயில் குடிக்கல, காலைல சோக் இழுத்து பட்டன் அமுக்குனா பத்திக்குது. இன்ஜின் கட்டி முடிச்சு சில வருஷம் ஆச்சு, அதனால இது "நேத்து மாட்டுனேன் சூப்பரா இருக்கு" டைப் ரிவ்யூ இல்ல. மண்ணு, சேறு, ஏத்தம்னு எல்லாத்துலயும் ஓட்டுனதுக்கு அப்புறம் எழுதுறது.

வண்டி ஹோண்டா டிஆர்எக்ஸ் 300 இஎக்ஸ், மண்ணுல ஓட்டுற நாலு சக்கர பைக். 1993ல இருந்து 2008 வரைக்கும் வந்த மாடல். 282 சிசி, ஒத்த சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், ஏர் கூல்டு, போர் (சிலிண்டரோட உள் அகலம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 65.5 மி.மீ., அஞ்சு கியர், தனியா ரிவர்ஸ். ரேடியேட்டர் கிடையாது, வாட்டர் பம்ப் கிடையாது, ஃபியூயல் இன்ஜெக்ஷன் கிடையாது. முதல் தடவ வீட்ல இன்ஜின் பிரிக்கப் போறவங்களுக்கு இத விட பொறுமையான இன்ஜின் கிடைக்கிறது கஷ்டம்.

எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் கைலயே புகை ஆரம்பிச்சிருச்சு போல, அதனாலதான் மலிவா கை மாறுச்சு. புகைன்னு சொன்ன உடனே யார கேட்டாலும் ஒரே பதில்தான், "பிஸ்டன் கிட் வாங்கி மாட்டு, முடிஞ்சுது வேலை". ஆளாளுக்கு ஒரு கிட் பேர் வேற. ரிட்டயர்டான ஒரு மெக்கானிக் அண்ணன் மட்டும்தான் திருப்பி கேள்வி கேட்டார். "தம்பி, புகை எப்ப வருது? ராத்திரி நிறுத்தி காலைல எடுக்கும்போது மட்டும் புஸ்ஸுனு வருதா, இல்ல ஏத்தத்துல திராட்டில் குடுக்கும்போது விடாம வருதா?" கேட்டுட்டு அவரே விளக்கமும் சொன்னார். காலைல மட்டும் கொஞ்சம் நீலமா வந்து நின்னுட்டா வால்வு சீல் வழியா ராத்திரி பூரா ஆயில் இறங்கியிருக்கு. லோடுல தொடர்ந்து நீலமா வந்தா பிஸ்டன சுத்தி இருக்கிற ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு. கருப்பா வந்தா அது ஆயிலே இல்ல, கார்புரேட்டர் பெட்ரோல ஜாஸ்தியா ஊத்துது, அதுக்குப் போய் இன்ஜின இறக்கக்கூடாது.

என் வண்டில லோடுலதான் வந்துச்சு. அப்பவும் அவர் இறக்க விடல. "கம்ப்ரஷன் எவ்ளோ? கேஜ் வச்சு பாத்துட்டு வா. அப்புறம் பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாரு"ன்னார். ஆயில் விட்டதும் முள்ளு ஏறுனா ரிங் கசியுது, ஏறலன்னா வால்வு கசியுது. சில இன்ஜின்ல ஸ்டார்ட் ஆக லேசா இருக்கட்டும்னு கேம் ஷாஃப்ட்லயே டிகம்ப்ரஷன் ஏற்பாடு வச்சிருப்பாங்க, அதுல கம்ப்ரஷன் கேஜ் எப்பவும் கம்மியாத்தான் காட்டும், அத பாத்து பயந்துறக்கூடாது. அந்த மாதிரி இன்ஜினுக்கு லீக் டவுன் டெஸ்ட்தான் நம்பகம். பிஸ்டன மேல நிறுத்தி வச்சுட்டு பிளக் ஓட்டை வழியா காத்த விட்டு எங்க இருந்து இரையுதுன்னு காது குடுத்து கேக்கணும். சைலன்சர்ல இரைஞ்சா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர்ல இரைஞ்சா இன்லெட் வால்வு, ஆயில் ஊத்துற மூடிய தொறந்து அங்க இரைஞ்சா ரிங். எனக்கு ஆயில் மூடில நல்லாவே இரைஞ்சுது, எக்ஸாஸ்ட்லயும் லேசா இருந்துச்சு.

பழைய இன்ஜின்ல கை வைக்கிற யாருக்கும், பிரிக்கிறதுக்கு முன்னாடி அளந்து பாருங்கிற இந்த ஒரு ஆலோசனைதான் என்ன பொறுத்தவரைக்கும் கிட் விலைய விட பெருசு. எந்த பார்ட் வாங்கலாம்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, "அளவு என்ன"ன்னு கேக்குற ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம்.

சரி, பிரிச்சது. ஸ்க்ரூல இருந்தே ஆரம்பிக்கணும். ஜப்பான் வண்டில இருக்கிற ஸ்டார் ஸ்க்ரூ பாக்க சாதா ஃபிலிப்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா ஜிஸ் (ஜப்பான் தர அளவு), தலை வேற வெட்டு. சாதா திருப்புளி போட்டு திருகுனா வழுக்கி தலை மொட்டையாயிரும். ஜிஸ் பிட் ஒண்ணும் சுத்தியால அடிக்கிற இம்பாக்ட் டிரைவர் ஒண்ணும் வாங்குனேன், கேஸ் கவர் ஸ்க்ரூ எல்லாம் ஒரே அடில லூஸ் ஆச்சு. மேக்னெட் கழட்ட அதுக்குன்னு இருக்கிற புல்லர்தான் போடணும், நெம்புறதோ அடிக்கிறதோ கூடவே கூடாது. கழட்டுற ஒவ்வொரு போல்ட்டையும் ஒரு அட்டைல கவர் படம் வரைஞ்சு அதே இடத்துல குத்தி வச்சேன், நீளம் வேற வேறயா இருக்கும், மாத்திப் போட்டா அலுமினியத்துல மரை போயிரும். டைமிங் செயின ஒரு கம்பில கட்டி மேல மாட்டி வைக்கணும், இல்லன்னா அது கேஸுக்குள்ள விழுந்து அடில ஸ்ப்ராக்கெட்ல சிக்கிக்கும்.

உள்ள பாத்தா கத வேற. போர்ல மேலருந்து கீழ வரைக்கும் கோடு கோடா கீறல், மேல் பக்கம் நல்லா அகண்டு போயிருக்கு, பழைய ரிங்க போருக்குள்ள நேரா வச்சு வாய் இடைவெளி பாத்தா ஃபீலர் கேஜ்ல ரெண்டு தகடு சேர்த்து விட்டாலும் சும்மா உள்ள போகுது. கணக்கு என்னன்னா 100 மி.மீ. போருக்கு 0.4 மி.மீ., அப்போ 74 மி.மீ. போருக்கு கிட்டத்தட்ட 0.3 மி.மீ.தான் இருக்கணும். இது தோராயம்தான், கடைசி வார்த்த சர்வீஸ் மேனுவலும் ரிங் பாக்கெட்டும்தான். இந்த தேய்மானத்துக்கு இன்ஜின குத்தம் சொல்றதுல அர்த்தமே இல்ல. ஏர் ஃபில்டர் ஸ்பான்ஜ் காஞ்சு பொடியா உதிருது, பாக்ஸ் மூடி ரப்பர் இல்லவே இல்ல. அவ்ளோ மண்ணையும் தின்னுட்டு இத்தன நாள் ஓடுனதே பெருசு.

கனெக்டிங் ராட மேல கீழ ஆட்டிப் பாத்தேன், ஆட்டம் இல்ல. பக்கவாட்டுல கொஞ்சம் நகரும், அது இருக்க வேண்டியதுதான், ஃபீலர் கேஜ் வச்சு அளந்து மேனுவல் லிமிட்டுக்குள்ள இருக்கான்னு பாத்தா போதும். அதனால கிராங்க தொடல. எல்லாரும் சொன்னாங்கன்னு கிராங்க் கிட்டும் சேர்த்து வாங்கியிருந்தா செலவு டபுள் ஆயிருக்கும்.

ரீபோர், அதாவது தேஞ்ச போர கொஞ்சம் அகலமா வெட்டுற வேலைய வீட்ல செய்ய முடியாது, அதுக்கு பட்டறைக்குத்தான் போகணும். அங்க அண்ணன் குடுத்த ரெண்டாவது முக்கியமான ஆலோசனை: பிஸ்டன் கைல வராம சிலிண்டர குடுக்காதே. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00னு வரும். கீறல் போற அளவுக்கு எவ்ளோ குறைவா வெட்டலாமோ அவ்ளோதான் வெட்டணும், அப்பதான் அடுத்த ரீபோருக்கு ஸ்லீவ்ல (சிலிண்டருக்குள்ள இருக்கிற இரும்புக் குழாய்) மிச்சம் இருக்கும். எனக்கு 0.50ல போச்சு, அதாவது 74.5 மி.மீ., கணக்கு போட்டா 285 சிசி சொச்சம். பவர் கூடிருச்சுன்னு பீத்திக்க எல்லாம் ஒண்ணும் இல்ல. பட்டறைல அந்த பிஸ்டனோட பாவாடை பக்கம் (ரிங்குக்குக் கீழ இருக்கிற பகுதி) மைக்ரோமீட்டர் வச்சு அளந்து, அந்த அளவு கூட க்ளியரன்ஸ் சேர்த்துதான் போர வெட்டணும், டப்பால அச்சடிச்ச அளவ நம்பி வெட்டக்கூடாது. ஹோன் கோடு (வெட்டுன போர கல்லு வச்சு தேய்க்கும்போது விழுற கோடு) குறுக்கும் நெடுக்குமா வலை பின்னுன மாதிரி இருக்கணும், அந்த கோட்டுலதான் ஆயில் நிக்கும். (ஸ்லீவ் இல்லாம நிகாசில் கோட்டிங் போட்ட சிலிண்டர் வச்சிருக்கிறவங்க இந்த பாராவ விட்ருங்க, அதுல சும்மா ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் போட முடியாது, திரும்ப கோட்டிங் போடணும்.)

பட்டறைலருந்து வந்த சிலிண்டர மண்ணெண்ணெய்ல கழுவுனா போதும்னுதான் நெனச்சிருப்பேன், நல்லவேளை முன்னாடியே சொல்லி வச்சாங்க. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ஆயில எடுக்கும், ஆனா ஹோன் கல்லோட பொடி கோட்டுக்குள்ளயே உக்காந்திருக்கும். சுடு தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு, பிரஷ், தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். வெள்ளத் துணியில துடைச்சா சாம்பல் கலர் ஒட்டவே கூடாது, அது வரைக்கும். காஞ்ச உடனே ஆயில் தடவணும், இரும்பு ஸ்லீவ் கண்ணு முன்னாடியே துரு புடிக்கும். எனக்கு கை வலிச்சதே இந்த வேலைலதான். ஆனா இன்னிக்கு வரைக்கும் புகை இல்லாததுக்கு பாதிக் காரணம் அந்த சோப்புத் தண்ணிதான்னு அடிச்சு சொல்வேன்.

ஹெட்ல வால்வு ரெண்டு பக்கமும் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு தேய்ச்சு, புது சீல் போட்டு, சேம்பர்ல பெட்ரோல் ஊத்தி போர்ட்ல கசியுதான்னு பாத்தேன், கசியல. ஹெட் அடிப்பக்கம் ஸ்டீல் ஸ்கேல் வச்சு அடில ஃபீலர் கேஜ் விட்டுப் பாத்தேன், வளையல.

மாட்டும்போது கவனிச்சது: பிஸ்டன் மேல இருக்கிற இன் மார்க் இன்லெட் பக்கம். ரிங்ல எழுத்து இருக்கிற பக்கம் மேல. ரிங் வாய் எல்லாம் ஒரே நேர்ல வராம சுத்தி பிரிச்சு வைக்கணும். ஆயில் ரிங்ல நடுவுல இருக்கிற அலை அலையான ஸ்பிரிங்கோட ரெண்டு நுனியும் முட்டிக்கிட்டு நிக்கணும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சுன்னா புது இன்ஜினே புகையும். பிஸ்டன் பின் லாக்க பழசு போடவே கூடாது, புதுசுதான், அத மாட்டுறதுக்கு முன்னாடி கேஸ் வாய துணியால அடைச்சிடணும், ஏன்னா அது தெறிச்சா நேரா உள்ளதான் போகும். டைமிங்குக்கு மேக்னெட்ல டி மார்க்க நேர் பண்ணி கேம் ஸ்ப்ராக்கெட் கோட்ட ஹெட் விளிம்புக்கு சமமா வச்சு, டென்ஷனர் மாட்டுனதுக்கு அப்புறம் கையால ரெண்டு முழு சுத்து சுத்தி திரும்ப மார்க் பாத்தேன். எங்கயாவது முட்டுனா அங்கயே நிறுத்தணும், பலம் குடுத்து சுத்துனா வால்வு வளையும்.

கேஸ்கெட் மேல சிலிகான் பேஸ்ட் அப்பு, ஒழுகவே ஒழுகாதுன்னு சொன்னவங்களும் உண்டு. மேனுவல் சொன்ன ரெண்டு இடம் தவிர நான் தடவல. அப்புன பேஸ்ட் வெளிய பிதுங்குற மாதிரி உள்ளயும் பிதுங்கும், அது பிஞ்சு ஆயில் ஸ்ட்ரெய்னர்ல போய் அடைச்சா கட்டுன இன்ஜின் மொத்தமும் போச்சு.

ரன்னிங் இன், அதாவது புதுசா கட்டுன இன்ஜின முதல்ல எப்படி ஓட்டிப் பழக்கணும்ங்கிறது பத்திதான் பெரிய சண்டையே. மெதுவாவே ஓட்டுன்னு ஒரு கூட்டம், முறுக்கி எடுன்னு ஒரு கூட்டம். ரிங்க போரோட அழுத்துறது பெரும்பாலும் அதுக்குப் பின்னாடி போற எரிஞ்ச வாயுவோட பிரஷர்தான், அதனால ஐடில்ல நிக்க வச்சு ஓடவிட்டா ரிங் உக்காராது, போர் பளபளன்னு ஆயிரும். நான் சூடாக்கி ஆறவிட்டு சூடாக்கி ஆறவிட்டு, அப்புறம் பாதி திராட்டில்ல ஏத்தம் ஏத்தி, இறங்கும்போது திராட்டில விட்டு இன்ஜின் பிரேக்ல இறக்கினேன். ஒரே ஸ்பீடுல விடாம ஓட்டல. முதல் ஆயில சீக்கிரமே வடிச்சிட்டேன், அதுல சாம்பல் கலர்ல மினுமினுப்பா இருந்துச்சு, ரெண்டாவது ஆயில்ல அது இல்ல. கிளட்ச் ஆயில்லயே முங்கி இருக்கிறதால ஜாசோ எம்ஏ (ஆயில்ல முங்குற கிளட்ச்சுக்கான தர முத்திரை) போட்ட பைக் ஆயில்தான். உராய்வ குறைக்கிற ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் கலந்த கார் ஆயில ஊத்துனா கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும்.

இத்தன நாள் ஓட்டுனதுல எப்படின்னா, ஆயில் லெவல் ஒரு சர்வீஸ்ல இருந்து அடுத்த சர்வீஸ் வரைக்கும் கிட்டத்தட்ட அதே கோட்டுல நிக்குது. பிளக் காபித்தூள் கலர்ல இருக்கு. டேப்பட் க்ளியரன்ஸ் ஆரம்பத்துல ஒரு தடவ மாறுச்சு, அப்புறம் பெருசா அசையல. இந்த மாதிரி வண்டில கிலோமீட்டர் மீட்டர் கிடையாது, அதனால இன்ஜின் எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற மீட்டர் ஒண்ண பிளக் வயர்ல சுத்தி மாட்டுனேன், கம்மி விலை, உருப்படியான பொருள். சர்வீஸ் எல்லாம் அந்த மணி கணக்குலதான்.

வீண் செலவுன்னா பார்ட் கழுவ வாங்குன சின்ன அல்ட்ராசானிக் டப்பா. கார்புரேட்டர்ல பைலட் ஜெட் ஓட்டைல காஞ்ச பெட்ரோல் பிசின் அடைச்சிருந்துச்சு, கடைசில அத எடுத்தது கிளீனர் ஸ்ப்ரேயும் ஒரு மெல்லிய செம்புக் கம்பியும்தான். டார்க் ரெஞ்ச் (குறிச்ச இறுக்கம் வந்ததும் க்ளிக்னு சொல்ற ஸ்பேனர்) மட்டும் ரெண்டு தேவைப்படும், பெரிய ரெஞ்ச்ல சின்ன 6 மி.மீ. போல்ட்ட இறுக்குனா க்ளிக் வர்றதுக்குள்ள போல்ட் அறுந்துரும்.

குறைன்னு சொல்லணும்னா, சிலிண்டர் அடி கேஸ்கெட் ஓரத்துல ஒரு சின்ன ஆயில் கசிவு இருக்கு. சொட்டல, தூசி ஒட்டி ஈரமா தெரியும், அவ்ளோதான். அதுக்காக ஹெட்ட திரும்ப கழட்டுற எண்ணம் இல்ல. சேறுல ஓட்டிட்டு வந்தா சிலிண்டர் பட்டை இடுக்குல காஞ்ச மண்ண குச்சி வச்சு சொரண்டி எடுக்குறேன், அங்க மண்ணு அப்பிக்கிட்டா ஏர் கூல்டு இன்ஜின் சூட்ட எங்க விடும். ஸ்பான்ஜ் ஃபில்டர கழுவி ஃபில்டர் ஆயில்ல பிழிஞ்சு, விளிம்புல கிரீஸ் தடவி மாட்டுறேன். ஃபில்டருக்கு அந்தப் பக்கம் கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாய்க்குள்ள விரலால கொஞ்சம் கிரீஸ் பூசி விட்டுருக்கேன், ஓட்டி முடிச்சு பாக்கும்போது அதுல மணல் ஒட்டியிருந்தா ஃபில்டர தாண்டி மண்ணு போகுதுன்னு அர்த்தம். இது வரைக்கும் ஒட்டல.

டூ ஸ்ட்ரோக் குவாட் வச்சிருக்கிறவங்களுக்கு இதுல பாதி செல்லாது. யமஹா பான்ஷீ மாதிரி 347 சிசி ரெட்டை சிலிண்டர்ல ஹெட்ல வால்வே கிடையாது, ஆனா கிராங்க் சீல் காத்து இழுத்துச்சுன்னா கலவை லீன் ஆகி (பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தி) பிஸ்டன் உருகிரும். அதுல இன்லெட், எக்ஸாஸ்ட் எல்லாத்தையும் அடைச்சு 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தி 6 நிமிஷம் நிக்குதான்னு பாத்துட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணவே செய்வாங்க.

அடுத்து கிளட்ச் பிளேட்தான் பாக்கணும். அண்ணன்கிட்ட "எந்த பிளேட் வாங்கலாம்ணே"ன்னு கேட்டேன். "இப்ப இருக்கிறது எத்தன மி.மீ.?"ன்னார். வெர்னியர் எடுக்கப் போறேன்.